மான்குட்டியின் ஏழாம் நாள்

ஏரிக்கு மேலே இருந்த அந்தப் பூங்காவில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே இஷ்டத்துக்குத் திரியும். புதரில் படுத்திருக்கும் மான்குட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது லூர்துசெல்வியின் பொறுப்பு. அதில்தான் கோட்டை விட்டாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் சேலத்துக் குடும்பம் ஒன்று குட்டியைத் தூக்கிவிட்டிருந்தது. அது ஓர் அம்மாளின் மடியில், சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் செல்போன்கள்.

“ஏனுங்க, கீழ வைங்க! தாய் மறைச்சு வெச்சுட்டு மேயப் போயிருக்குதுங்க. நாலு மணி வாக்குல வந்து பால் குடுக்கும்.”

“மானுக்கு வாட்ச் கட்டி உட்டிருக்கியா?” என்றார் அந்த அம்மாளின் கணவர். கூட்டம் சிரித்தது.

செல்வி நோட்டை நீட்டினாள். ஆறு நாளாக அவள் குறித்து வைத்த நேரங்கள்: 4.10, 4.05, 4.20...

“பச்சப்புள்ள பட்டினி கெடக்குது. இவ கணக்கு எழுதறாளாம்!” என்றாள் அந்த அம்மாள்.

ஆறு நாள் வந்தது ஏழாம் நாளும் வருமா? மனித வாடை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்கிறார்களே? செல்வி நோட்டை மூடினாள்.

சூப்பர்வைசர் மாரிசாமி வந்தார். “போட்டோ எடுத்துட்டுப் போகட்டும், உடு கண்ணு. நீ டெம்பரவரி, ஞாபகம் வெச்சுக்க.”

அப்போது சவுக்கு மரத்தின் பின்னால் தாய்மான் தெரிந்தது. முன்னங்காலைத் தரையில் தட்டியது. “டேய், அங்க பாரு, இன்னொன்னு!” என்று கூட்டம் செல்போனும் கையுமாக ஓடியது. மான் மறைந்துவிட்டது.

செல்வி குழாயடிக்குப் போனாள். ரோஜாப் பாத்திக்குத் தண்ணீர் விடும் ஹோஸைத் திறந்து கூட்டத்தின் மேல் பிடித்தாள். கூட்டம் கேட்டை நோக்கிச் சிதறியது. கணவரின் கூலிங்கிளாஸ் எகிறியது. ஹோஸ் தன் பக்கம் திரும்புவதைக் கண்ட அம்மாள் குட்டியைப் புல்லில் விட்டுவிட்டு ஓடினாள்.

“பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? நாளையிலிருந்து வேலைக்கு வராத!” என்று மாரிசாமி கத்தினார்.

“சரிங்க. இப்ப நீங்களும் போங்க.”

அவர் ஹோஸைப் பார்த்தார். போய்விட்டார்.

செல்வி மோட்டார் அறைக்குப் பின்னால் குந்தினாள். நாலரை ஆயிற்று. பனிமூட்டம் இறங்கியது. நாலே முக்கால். தப்புச் செய்துவிட்டோம் என்றே தோன்றியது.

4.52க்குத் தாய்மான் வந்தது. குட்டியை முகர்ந்தது. சட்டென விலகி நின்றது. குட்டி எழுந்து, தள்ளாடிப் போய், வயிற்றுக்கடியில் முட்டியது. தாய் நகரவில்லை. குட்டியின் வால் ஆடத் தொடங்கியது.

நோட்டில் 4.52 என்று எழுதி, பக்கத்தில் “ஆள் தொட்ட பிறகும்” என்று சேர்த்தாள்.

கேட்டுக்கு வெளியே அந்தக் குடும்பம் ஈரத்தோடு கத்திக்கொண்டிருந்தது. உள்ளே சத்தம் எட்டாதபடி தனக்குப் பின்னால் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, செல்வி அவர்களிடம் போனாள்.