சம்பந்தி கொண்டுவந்த ஜாடி

மாப்பிள்ளையின் தகப்பனார் எராஸ்மோ வண்டியிலிருந்து இறங்கும்போதே கண்ணாடி ஜாடியைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தார். மூன்று மணி நேர மலைப்பாதையிலும் அதை மடியை விட்டு இறக்கவில்லையாம். வான்கோழிகள், ரொட்டிக் கூடைகள், சாக்லேட், பூ, மெழுகுவர்த்தி எல்லாம் காலையிலேயே மாப்பிள்ளை ருட்டிலியோவோடு முதல் வண்டியில் வந்துவிட்டன. பெண் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியதில் மெஸ்கால் என்ற கற்றாழைச் சாராயம் மட்டும்தான் பாக்கி.

"சம்பந்தியம்மா, நீங்களும் வடிக்கிறவங்க. உங்க முன்னாடி கண்டதையும் நீட்ட முடியுமா?" என்றார் எராஸ்மோ. "பையன் இதை மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தான். பட்டணத்து ஆளுக்கு விக்கவாம். நான் விடுவேனா?"

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ருட்டிலியோவின் கை நின்றது. "அப்பா, நான் எடுத்து வச்சது வேற. நீலத் துணி கட்டின ஜாடி."

"அது மூட்டுவலிக்குத் தேய்க்கத்தான் ஆகும். சும்மா இருடா."

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒடிலியாவும் சிரித்தாள். அவளுக்கு இந்த மனிதரைப் பிடித்திருந்தது. கணவன் லிபோரியோ இறந்து ஒன்பது வருடமாக வடிசாலையை அவள்தான் நடத்தினாள். இன்று மகள் நெரெய்தாவைக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். பெண்ணைப் பெற்றவர் முதல் குடுக்கையைக் குடித்து முடித்தால் பெண் கொடுத்தாயிற்று. மிச்சம் வைத்துக் கீழே இறக்கினால் வந்தவர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இரு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசும் கிழவர் நபோர், ஆதாம் ஏவாளிலிருந்து தொடங்கினார்.

"மாமா, பேத்தி கல்யாணத்துக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்று யாரோ கத்தினார்கள்.

"உன் கல்யாணத்துக்கு நான் சுருக்கமாப் பேசினேன். அதான் உன் பொண்டாட்டி மூணு மாசத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றார் நபோர். பேச்சை அவர் குறைக்கவில்லை.

கடைசியில் எராஸ்மோ ஊற்றினார். சுரைக்குடுக்கையின் விளிம்பில் முத்துமுத்தாக நுரை கட்டி, கலையாமல் நின்றது. ஒடிலியா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, போதை வாடை பறந்த பிறகு முகர்ந்தாள். வெந்த கற்றாழை. அதற்கடியில் வேறொன்று, மழை விழுந்த செம்மண்.

முதல் வாய் நாக்கை எழுப்புவதற்கு. இரண்டாவது வாயில்தான் விஷயம் தெரியும். பச்சை மிளகாயைக் கிள்ளியது போன்ற காரம், பின் உலர்ந்த புளிப்பு, முடிவில் ஒரு துவர்ப்பு.

காட்டுப்பன்றி என்று பெயர் வைத்த கற்றாழை அது. ஊறலில் பொங்கித் தொட்டியைத் தாண்டும்; பானையில் பொங்கி வாலைக்குழாயை அடைக்கும். அதனால் யாரும் தொடுவதில்லை. லிபோரியோ மட்டும் பதினான்கு வருடத்துக்கு முன்னால் அந்தக் கன்றுகளைக் கழுதைமேல் ஏற்றிவந்து மேட்டு நிலத்தில் நட்டான். நாற்பத்தொன்று பிழைத்தன. பூத்தண்டு வந்ததும் ஒடிலியா வெட்டிவிட்டாள். அதன்பின் ஒரு வருடம் நின்றால்தான் இனிப்பு கிழங்குக்குள் இறங்கும். எட்டாவது மாதம், பெரிய வெள்ளிக்கிழமை ஊரே சிலுவை ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தபோது, யாரோ மொத்தத்தையும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருடம்.

நாக்கில் இருந்த துவர்ப்பு, பருவத்துக்கு நான்கு மாதம் முன்பே வெட்டிய கிழங்கின் துவர்ப்பு.

அவள் நிமிர்ந்தாள். ருட்டிலியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கற்றாழை, சம்பந்தி?"

எராஸ்மோ வாயைத் திறப்பதற்குள் நெரெய்தா முந்தினாள். "எஸ்பதீன்தான்மா. வழக்கமா நம்ம வடிக்கிறதுதான். குடிங்க."

எராஸ்மோ தொடையில் தட்டிச் சிரித்தார். "எஸ்பதீனா! வடிக்கிற வீட்டுப் பொண்ணு சொல்ற பேச்சா இது? மருமகளே, ஜலதோஷமா? காட்டுப்பன்றி இது! மியாவாட்லான் பக்கம் போய் விலைக்கு வாங்கிட்டு வந்தான் என் பையன்."

நெரெய்தா இன்னும் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

"தொட்டுக்க ஆரஞ்சு வெட்டலையே. வா" என்று குடுக்கையோடு எழுந்தாள் ஒடிலியா. அடுக்களைக்குள் வந்ததும் குடுக்கையை அம்மிமேல் வைத்தாள்.

"பெரிய வெள்ளி அன்னிக்குத் தலைவலின்னு படுத்தே."

நெரெய்தா ஆரஞ்சையும் கத்தியையும் எடுத்தாள். "கம்பிவேலிக் கதவைத் திறந்துவிட்டேன். வேற ஒண்ணும் செய்யலை."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா? அப்பா நட்டது, அப்பா நட்டதுன்னு அதுக்குத்தான் காவல் இருந்தீங்க. அதை வித்து எனக்கு ஒரு வீடு கட்டணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"செலெரினோ போயிட்டான்டீ."

செலெரினோ அந்த மேட்டு நிலத்தில் வேலை செய்தவன். திருட்டுப் பட்டம் கட்டி ஊர்ச்சபை அவனுடைய நில உரிமையைப் பறித்தது. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவன் வடக்கே தொலைவிலுள்ள சினலோவாவுக்குத் தக்காளி பறிக்கப் போய்விட்டான்.

"போனான். அவனைச் சபையில கை நீட்டிக் காட்டினது நானா?" நெரெய்தா பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் மூட்டை தூக்கிட்டுப் போனதை என் கண்ணால பார்த்தேன்னு சொன்னது யாரு? பார்த்தீங்களா? நீங்க ஊர்வலத்துல எனக்கு மெழுகுவர்த்தி வாங்கிட்டு இருந்தீங்க."

ஒடிலியா பார்க்கவில்லைதான். ஆனால் அப்போது அவன்தான் என்று நிச்சயமாக இருந்தது. வேலிக் கதவின் சாவி அவனிடமும் இருந்தது. சாட்சி இல்லாமல் சபை நம்பாது என்று தோன்றியது.

"இப்ப வெளியில போய் உண்மையச் சொல்லுங்க. முழுசாச் சொல்லணும். உங்க பங்கையும் சேர்த்து."

முற்றத்தில் நபோரின் குரல் கேட்டது. "பொண்ணைப் பெத்தவளே, ஆரஞ்சு மரம் நட்டுட்டு இருக்கியா?"

செலெரினோ போய் ஒரு வருடமாகிவிட்டது, அங்கே வேலையும் கிடைத்திருக்கும், இனி யார் திரும்பி வரப்போகிறார்கள் என்று அவளுக்குள் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அது எப்போது தொடங்கியதென்று யோசித்தாள். மகள் வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியபோதே என்று தெரிந்தது.

அவள் குடுக்கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, அடிவரை குடித்தாள். வெடி வெடித்தது. எக்காளமும் முரசும் தொடங்கின. ருட்டிலியோ வந்து அவள் முன் மண்டியிட்டான். அவள் அவன் தலைமேல் கை வைத்தாள். முடி வியர்வையில் நனைந்திருந்தது.

"சொல்லுங்க சம்பந்தியம்மா, எப்படி இருக்கு?" எராஸ்மோ காதருகே கத்தினார். "முகத்துக்காகச் சொல்லக்கூடாது. நிஜத்தைச் சொல்லணும்."

"பருவத்துக்கு நாலு மாசம் முந்தி வெட்டியிருக்கு" என்றாள் ஒடிலியா.

எராஸ்மோ ஒரு கணம் திகைத்து, மகனின் முதுகில் ஓங்கித் தட்டினார். "கேட்டியாடா! எவனோ உன் தலையில கட்டிட்டான்! இதுக்குப் பேருதான் நாக்கு!"

அவர் கைதட்ட, முற்றம் முழுவதும் ஒடிலியாவுக்காகக் கைதட்டியது.