நாயுமில்லை, ஆடுமில்லை

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார். அதைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்குவது என் வேலை. செதுக்கிய மெழுகைச் சுற்றிக் குழைத்த மாவை ஊற்றி, இறுகியதும் உலையில் வைப்பார்கள். மெழுகு எரிந்துபோய், உள்ளே பல்லின் வடிவில் ஒரு பள்ளம் மிஞ்சும். அதில் உலோகத்தை உருக்கி ஊற்றினால் பல்லுக்குப் போடும் கேப் தயார். என் பெண் பிறப்பதற்கு முன்பிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு மணி அடிப்பதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். மற்றவர்கள் போனில் மூழ்கிவிடுவார்கள். நான் கத்தியில் ஒட்டியிருக்கும் மிச்ச மெழுகைத் திரட்டி, உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து ஏதாவது செய்வேன். பெரும்பாலும் நாலு கால் இருக்கும். நாய் என்று ஆரம்பித்தால் கழுத்து நீண்டு ஆடாகும். ஆட்டைச் சரிசெய்யப் போனால் என் நாத்தனார் முகம் வந்து நிற்கும். மணி அடித்ததும் ஸ்பிரிட் விளக்கில் காட்டி, கிண்ணத்திலேயே சொட்டவிட்டுவிடுவேன். முதலில் காது போகும், பிறகு மூக்கு. அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கும். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி செய்கிறேன், இது மட்டும் எதற்கும் பொருந்த வேண்டாம். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சும்மா இருப்பது பொய் சொல்வதைவிடப் பெரிய குற்றம். என் வீட்டுக்காரர் நடக்கப் போனால் எத்தனை அடி என்று போன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்ததாகவே அவருக்குத் தோன்றாது. பெண் பாத்திரம் தேய்க்கும்போதும் காதில் ஏதாவது பாடம் ஓடிக்கொண்டிருக்கும். இவர்களிடம் போய், நான் மெழுகில் மிருகம் செய்து உருக்கிவிடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெண் போன் செய்தாள். சாவியை மறந்துவிட்டு வாசலில் நிற்கிறாளாம். கையில் இருந்ததை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அதைக் காணவில்லை. உலோகம் ஊற்றும் வார்ப்பறைக்குப் போக வேண்டிய மெழுகுப் பல் தட்டும் போயிருந்தது. கீழே விழுந்து யார் காலிலாவது நசுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பாலிஷ் போடும் பெண் வார்ப்பறையிலிருந்து கேப்களை எடுத்துவரப் போனாள். அங்கே அலமாரியில் இருந்த ஒன்றையும் சேர்த்து எடுத்துவந்து, பளபளவென்று பாலிஷும் போட்டு, ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்ததுதான். உலோகத்தில். குந்தி உட்கார்ந்து, ஒரு காது மடிந்து, யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது பெருமையா, பயமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வார்ப்பறைக்காரரை நாங்கள் உம்மணாமூஞ்சி என்போம், அவர் காதில் விழாமல். அவர் வாசலில் வந்து நின்று, தட்டில் சேர்ந்து வந்துவிட்டது, கவனிக்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இதற்குள் முதலாளி வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, பாவம். ஆனால் ஒரு பொருளைப் பார்த்தால் அதைத் தலைகீழாகத் திருப்பி, இது எதற்கு உதவும் என்று தேடாமல் கீழே வைக்க மாட்டார்.

"இது என்னம்மா மிருகம்?" என்றார்.

"தெரியல சார்."

"தெரியாம எப்படிம்மா செஞ்சீங்க?"

நியாயமான கேள்விதான். பல்லைக் காட்டி என்ன பல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

சாயங்காலத்துக்குள் அவருக்கு யோசனை வந்துவிட்டது. வருஷ முடிவில் டாக்டர்களுக்கு ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும்; இதையே கொடுத்தால் என்ன? முதுகில் ஒரு துளை போட்டால் பேனா செருகலாம். மெழுகில் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுங்கள், வேலை நேரத்திலேயே செய்யலாம், தனியாகப் பணமும் தருகிறேன் என்றார். மாதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அந்த உலோகப் பிராணியை வார்ப்பறைக்கே திருப்பி அனுப்பினார். நான் சரி சார் என்றேன். மறுப்பதற்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை ஒருவர் இப்படிப் பாராட்டியதும் இல்லை.

வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டா சும்மா உருக்கிக்கொண்டிருந்தாய் என்றார். பெண் அதற்கொரு பெயர் வைத்து, படம் எடுத்துப் போட்டு விற்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். இருவரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள், அதில் கள்ளம் இல்லை. நான்தான் சாப்பிட்ட தட்டை இரண்டாவது முறையாகக் கழுவிக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து அதைச் செய்ய உட்கார்ந்தேன். வரவில்லை. அதாவது, வந்தது, கால், காது, முதுகில் துளை எல்லாம் சரியாக வந்தது. முதலாளி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது யாரையோ பாக்குது. இது சம்பளத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கேம்மா" என்றார். அவர் சொன்னது சரி என்பதில்தான் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பச் செய்தேன். காதை மடித்தால் மடித்தது தெரிந்தது. கழுத்தைத் திருப்பினால் திருகினது தெரிந்தது.

அது போகட்டும். அதைவிடப் பெரிய கஷ்டம், மதியம் சாப்பிட்ட பிறகு கை சும்மா கிடந்தது. மிச்ச மெழுகைத் திரட்டினால், இது முதலாளிக்கு ஆகுமா என்று ஒரு குரல் முந்திக்கொண்டு கேட்கும். உடனே விரல் மரத்துப்போகும். நானும் போனை எடுத்துப் பார்த்தேன். யாரோ யாருக்கோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. என்னிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோரும் கொடுத்துக்கொண்டல்லவா இருந்தார்கள்?

கோபத்தை யார் மீதாவது காட்ட வேண்டும். நேரே வார்ப்பறைக்குப் போய் உம்மணாமூஞ்சியைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் கண் எங்கே இருந்தது, மெழுகில் பல் எது மிருகம் எது என்றுகூடவா தெரியாது, உங்கள் தப்பால் என் பிழைப்பே மாறிவிட்டது என்று வாய்க்கு வந்தபடி பொரிந்தேன். அவர் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"தப்பில்லம்மா. தெரிஞ்சுதான் எடுத்துட்டு வந்தேன்."

எதற்கு என்றேன்.

"தினமும் இந்தக் கண்ணாடி ஜன்னல் வழியா பாக்குறேன். செய்யறீங்க, உருக்கிடறீங்க. ஒண்ணே ஒண்ணு நம்மகிட்ட இருக்கட்டுமேன்னு தோணுச்சு. பாலிஷ் போடுற பொண்ணு தூக்கிட்டுப் போவான்னு நினைக்கல."

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்றேன். பார்ப்பேன் என்றார். உலைக்கு மேலே அலமாரியில் அது உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். தண்ணீர் குடித்தேன். அந்த வேகத்திலேயே முதலாளி அறைக்குப் போய், என்னால் முடியாது சார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பணம் போதவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். பிறகு ஏன் என்றார். பிடிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் பிடித்துத்தானே செய்தேன்? அவருக்கே என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது.

"சரி விடுங்கம்மா. நீங்க கஷ்டப்படவே வேணாம். அந்த முதல் பீஸ்தான் இருக்கே. ரப்பர்ல ஒரு அச்சு எடுத்துட்டா எத்தனை வேணும்னாலும் ஊத்திக்கலாம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் அச்சிலேயே கிடந்தவளுக்குத் தோன்றவில்லை. என் கையே வேண்டாமாம். அந்த மடிந்த காது, அந்தத் திரும்பிய கழுத்து, ஊரில் உள்ள பல் டாக்டர்கள் மேஜை மீதெல்லாம் முதுகில் பேனாவோடு. வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன உரிமை, மெழுகு அவருடையது, உலோகம் அவருடையது.

முதலாளி வார்ப்பறைக்குக் குரல் கொடுத்தார். உம்மணாமூஞ்சி எட்டிப் பார்த்தார். அச்செடுக்க வேண்டும், அந்தப் பிராணியைக் கொண்டுவாருங்கள் என்றார் முதலாளி. உம்மணாமூஞ்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

முதலாளிக்குப் போன் வந்தது. பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வார்ப்பறையில் கேஸ் அடுப்பு சீறுகிற சத்தம் கேட்டது. மதிய வார்ப்பு முடிந்துவிட்டதே, இப்போது என்ன என்று நினைத்தேன். அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

உம்மணாமூஞ்சி வெறுங்கையோடு வந்தார்.

"பழைய உலோகத்தோட சேர்ந்து உருகிடுச்சு சார். கவனிக்கல."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாவது தடவையாகவா என்றார். கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சிடுசிடுத்தார். தலையில் அடித்துக்கொண்டு, டாக்டர்களுக்குக் காலண்டரே கொடுத்துத் தொலைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஆனால் கால் தானாக வார்ப்பறைக்குப் போனது.

மண்குவளையில் ஒரு சின்ன உருண்டை, இன்னும் சிவப்பு ஆறாமல் கிடந்தது. காது எங்கே இருந்தது, கழுத்து எங்கே என்று என் கண் அதில் தேடியது. கணக்கில்லாமல் உருக்கியவள் நான். ஒன்றுக்குக்கூட அழுததில்லை. இதற்கு அழுதேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எப்படிம்மா தினமும் இதைச் செய்யறீங்க?"