மாலேஷ் சொல்லக் கூடாத அலுவலகம்

அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தை ஒட்டிய மன்ஷியாவில், இன்ஸாஃபின் ஏற்றுமதி அலுவலகத்துக்குள் யாராவது 'மாலேஷ்' என்று சொன்னால் அந்தக் கணமே ரூட்டர் அணைந்துவிடும். உரக்கச் சொன்னாலும் சரி, வாய்க்குள் முணுமுணுத்தாலும் சரி. மறுபடி உயிர் வர ஒரு காபி குடிக்கும் நேரமாவது ஆகும். மாலேஷ் என்றால் 'பரவாயில்லை, போகட்டும் விடு' என்று அர்த்தம். காலை மிதித்தவனும் அதைத்தான் சொல்வான், மிதிபட்டவனும் அதைத்தான் சொல்வான்; அந்த ஊரில் அதைச் சொல்லாமல் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது.

இதற்கு முன் அங்கே இரண்டு ரூட்டர்கள் வந்து போயின. இரண்டையும் வாங்கியவன் இன்ஸாஃபின் தம்பி ருஷ்தி. அப்பா சாகும்போது அலுவலகத்தின் உரிமத்தை அவன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், ஆண்பிள்ளை என்ற ஒரே தகுதிக்காக. வேலை முழுக்க இன்ஸாஃபின் தலையில். முதல் ரூட்டரை அவன் நடைபாதையில் வாங்கினான். பெட்டியில் 'ஒரிஜினல்' என்ற சொல்லே எழுத்துப்பிழையோடு இருந்தது. கோடை வந்ததும் அது இளகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது எட்டு ஆன்டெனாக்களோடு யானை விலைக்கு வந்தது. ஆண்டுச் சந்தா கட்டத் தவறியதும் வேலைநிறுத்தம் செய்தது. அலுவலகத்தின் பெரிய வாடிக்கையாளரான ஹாஜி மெத்வல்லியின் ஆரஞ்சுக் கன்டெய்னர்களுக்கு இணையம் வழியாகச் சுங்கக் காகிதம் அனுப்ப முடியாமல், இரண்டு குளிர்காலங்களிலும் ஒவ்வொரு கப்பல் அவற்றை விட்டுவிட்டுப் போனது. பழம் அழுகிய வாரங்களில் மன்ஷியாவில் மழைகூட ஆரஞ்சு நாற்றத்தோடுதான் பெய்தது. ருஷ்தி இரண்டு தடவையும் "மாலேஷ் அக்கா" என்றான். ஹாஜி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "இன்னொரு கப்பல் போச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குறேம்மா" என்றார். அவர் போய்விட்டால் அலுவலகத்தை இழுத்து மூடவேண்டியதுதான். இடத்தைச் செருப்புக் கடைக்கு வாடகைக்கு விட ருஷ்தி ஏற்கெனவே ஆள் பார்த்திருந்தான். இதை அறிந்த நாளிலிருந்து இன்ஸாஃப் குடித்த தேநீர் அவள் கையிலேயே கொதித்தது.

மூன்றாவதை அவளே போய் வாங்கினாள். கடைக்காரர் வாகீம் விலையைச் சொல்லும் முன் கேள்வி கேட்கிற மனிதர். "எத்தனை பேர் மேடம் வேலை செய்றீங்க?" என்றார். ஆறு பேர் என்றதும், "ஆறு பேருக்கு எதுக்கு எட்டு கொம்பு? மாடா மேய்க்கப் போறீங்க? லைன் அறுந்தா தானா சிம்முக்கு மாறணும், சூட்டைத் தாங்கணும், கம்பெனிக்காரன் இன்னும் அப்டேட் அனுப்பிக்கிட்டு இருக்கணும், சந்தா இருக்கக் கூடாது. அது போதும்" என்று நடுத்தர விலையில் ஒன்றை எடுத்துவைத்தார். அது மின்வெட்டில் பேட்டரியை வைத்துச் சமாளித்தது, புழுக்கத்தையும் தாங்கியது. ருஷ்தி ஒருநாள் மத்தியானம் வந்து தன் வழக்கமான சொல்லைச் சொன்னதும்தான் அணைந்தது. இன்ஸாஃப் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சோதித்தாள். 'நாளைக்கு' என்றபோது மஞ்சள் விளக்கு லேசாகச் சிமிட்டியது. 'மாலேஷ்' என்றபோது எல்லாம் இருண்டது. வாகீம் வந்து பார்த்து, தாடையைச் சொறிந்து, மாற்றித் தருவதாகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை.

"இதுக்கு எது ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. மத்ததெல்லாம் எதுக்கு நிக்கும்னு உங்களுக்கே தெரியாதே" என்றாள்.

வாகீமுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சொல்லுக்குக் கதவில் தடை எழுதி ஒட்டினாள். வாய் தவறிவிடுமோ என்று மின்கட்டணம் வசூலிப்பவர் வாசலிலேயே நின்றார். தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவோடு அவள் தெருவில் இறங்கிப் போய்த்தான் பேசினாள். ருஷ்தி வருவதையே நிறுத்திக்கொண்டான். அந்த ஒரு சொல் இல்லாமல் அக்காவிடம் பேச அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

ஆரஞ்சுப் பருவம் மறுபடி வந்தது. ஹாஜியின் சரக்கு துறைமுகத்தில் நின்றது; அவரே அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். காகிதங்கள் நண்பகலுக்குள் போகவேண்டும். ஒவ்வொன்றிலும் மின்கையொப்பம் விழவேண்டும், அதற்குக் கணினியில் செருகும் சாவி உரிமக்காரனிடம்தான் இருக்கும். ருஷ்தி காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தான். நண்பகல் தொழுகை அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் படியேறி மூச்சிரைக்க வந்தான். காபிக் கடையில் டோமினோ ஆடியிருக்கிறான் என்பதை, புள்ளிக் கணக்கு எழுதி விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புக்கட்டித் தூளே சொன்னது. இன்ஸாஃப் சாவியைப் பிடுங்கிச் செருகினாள். முதல் காகிதம் நகரத் தொடங்கியது. ருஷ்தியின் உதடுகள் பழக்கத்தில் 'மா' சொல்லச் சேர்ந்தன. அலுவலகமே அவன் வாயைப் பார்த்தது. ஹாஜி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வாயைத் திறந்தே, உன்னைக் கொன்னுடுவேன்" என்றாள் இன்ஸாஃப், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் வாயை மூடினான், சொல்லை விழுங்கினான். பிறகு, "தப்பு என்மேலதான்க்கா" என்றான். "மணி தெரியும், தெரிஞ்சேதான் உக்காந்து ஆடிக்கிட்டிருந்தேன். இந்த ஆபீஸ் மூடிப் போகட்டும்னு நெனச்சேன். உழைச்சது நீ, பேரு எனக்கு."

ரூட்டர் அணையவில்லை. காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, கடைசியும் பச்சையானது. ஹாஜி இறைவனுக்கு நன்றி சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி ரூட்டர் அணைந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது. இப்படி ஒருவன் தலைகுனிந்து நின்றால் எதிரில் இருப்பவர் என்ன சொல்லவேண்டும் என்பதும் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ருஷ்தி காத்துக்கொண்டு நின்றான். இன்ஸாஃபின் நாக்கு நுனிவரை அது வந்தது. இத்தனை வருஷக் கோபமும் கூடவே வந்தது.

"நாளைக்குக் காலையில கவர்மெண்ட் ஆபீஸ் திறந்ததும் போய் உரிமத்தை என் பேருக்கு மாத்துறே" என்றாள். மஞ்சள் விளக்கு சிமிட்டியது. "நாளைக்கு இல்ல. இப்பவே கிளம்பு."

அவன் படியிறங்கிப் போனான். உரிமம் மாறியது. தம்பி அதன்பிறகும் தவறாமல் வேலைக்கு வருகிறான், அக்காவும் தேநீர் கொடுக்கிறாள். அவள் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒருமுறைகூட நிற்காத இணையம் மன்ஷியாவிலேயே அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறது.