ஓர் அங்குலம் நீளமான துப்பாக்கி

போன நவம்பரில் நான் சுட்ட எல்க் மான் கிடைக்கவே இல்லை. வயிற்றில் பட்டிருக்கும் என்றான் என் கணவன் லைல். பனியில் ரத்தச் சொட்டுகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் போனோம். பாறைச் சரிவில் தடம் அறுந்தது. மறுநாளும் தேடினோம். மூன்றாம் நாள் புதுப்பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இனி மலைக்கு வரமாட்டேன் என்று அன்று சமையலறையில் ஈரக் கையுறையைக் கழற்றியபடி சொன்னேன். கல்யாணமான இருபத்தாறு வருடமும் அக்டோபர் பிறந்தால் லைலுடன் வேட்டைக்கு மலையேறியவள் நான்.

"எல்லாருக்கும் நடக்குறதுதான், ரோ," என்றான்.

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தக் கனிவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வருடம் முழுக்கத் தெரியவில்லை.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் எனக்குப் பதிலாக வேறொருவர் ஓட்டியிருந்தார். மறுநாள் ஏறி உட்கார்ந்தால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. யோசிக்காமல் இருக்கையை முன்னால் இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மூன்றாவது நிறுத்தத்தில்தான் அது உறைத்தது. யாரோ ஒரு நாள் ஓட்டிய பேருந்தில்கூட இருக்கையை எனக்காக நகர்த்துகிறேன். இத்தனை வருடம் தோளில் வைத்த துப்பாக்கியை எனக்காக நகர்த்த வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

அது லைலின் அப்பா வைத்திருந்த துப்பாக்கி. தோளில் ஊன்றும் மரக்கட்டை ஆறடி ஆளுக்கு ஏற்ற நீளம். எங்கள் பக்கம் கம்பெனியிலிருந்து வந்த கட்டையில் யாரும் ரம்பம் வைக்கமாட்டார்கள். விலை பாதியாகிவிடும் என்பார்கள். மனைவிக்கும் மகளுக்கும் அதை அப்படியே கொடுத்து, குறி பார்க்க எட்டாவிட்டால் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கோ என்பார்கள். நானும் நீட்டிக்கொண்டேன்.

தனியாகக் கட்டை மட்டும் செய்து விற்கும் ஒருவரிடம் வால்நட் மரத்தில் ஒன்று வரவழைத்தேன். பழையது முழுசாக அலமாரியில் இருக்கட்டும். எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டை பொருந்தி, இருநூறு கஜத்தில் மூன்று குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தால் இந்த வருடம் போவேன். இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. லைலிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினான்.

வந்த கட்டையில் துப்பாக்கியின் இரும்புப் பகுதி உட்காரும் பள்ளம் முக்கால்வாசிதான் குடைந்திருந்தது. மீதி எங்கள் வேலை. குழலோடு சேர்ந்த இரும்பின் அடியில் கரி குழைத்த எண்ணெயைப் பூசி, பள்ளத்தில் வைத்து, மெல்லத் தட்டி, வெளியே எடுக்க வேண்டும். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூசி, வைத்து, எடுத்து, சுரண்ட வேண்டும். நாற்பது தடவை இருக்கும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எங்கே இடிக்கிறது என்று மரம் தானே காட்டிக்கொடுத்தது.

லைலின் தம்பி ஆர்லன் கொட்டகைக் கதவில் சாய்ந்து பியர் குடித்தபடி பார்த்தான்.

"என்ன அண்ணி, புது மரம் போட்டா துப்பாக்கி தானா குறி பாக்குமா?"

"உன் துப்பாக்கிக்கு வேணும்னா ஒரு கண்ணாடி போட்டுப் பாரு. போன வருஷம் பட்டுப்போன மரத்தச் சுட்டுட்டு மான்னு சொன்னவன் யாரு?"

"அது அசைஞ்சுது, அண்ணி! சத்தியமா அசைஞ்சுது."

லைல் சிரித்தான். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு இழுத்தான். தடையில்லாமல் ஓடியது. குழல் எங்கும் மரத்தைத் தொடவில்லை; தொட்டால் குறி விலகும்.

அடுத்தது நீளம். என் முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை மடிப்பில் வைத்து, என் விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தான்.

"பதிமூணரை அங்குலம் வச்சிக்கலாம், ரோ. வேணும்னா அப்புறம் வெட்டிக்கலாம்."

"பன்னெண்டரைதானே வருது?"

"வருது. நாளைக்கு விக்கணும்னு வந்தா, பன்னெண்டரைய எவன் வாங்குவான்?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கென்று வாங்கிய கட்டையில்கூட, முகம் தெரியாத யாரோ ஒருவனுடைய கைக்கு ஓர் அங்குலம் ஒதுக்கிவைக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அவன் மர ஆலைக்குப் போனதும் என் குளிர்கால மேலங்கியை எடுத்து மாட்டினேன். செப்டம்பர் வெயிலில் கொட்டகை கொதித்தது. மேலங்கியோடுதான் சுடுகிறேன், மேலங்கியோடுதான் அளக்க வேண்டும். வேர்க்க வேர்க்க நாலு தடவை அளந்தேன். அடியில் வைக்கும் ரப்பர் பட்டையையும் சேர்த்துப் பன்னிரண்டரை. மரம் சிதறாமலிருக்க நாடா சுற்றி, அதன் மேல் கோடு போட்டு, நுண்பல் ரம்பத்தை வைத்தேன்.

அறுக்கும்போது பயமில்லை. துண்டு தரையில் விழுந்த பிறகுதான் பயம் வந்தது. இப்போதும் சுடத் தெரியவில்லை என்றால், இனி சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

சாயங்காலம் வந்த லைல் பார்த்தான். "வெட்டிட்டியா," என்றான். பிறகு அறுத்த முகத்தில் கட்டைவிரலை ஓட்டி, "நேரா வெட்டியிருக்க," என்றான். அந்த வாரக் கடைசியில் இரும்புக்கு மெழுகு பூசி, ஆடாமலிருக்கப் பள்ளத்தில் எபாக்சி பசை நிரப்பி உட்காரவைத்தான். மெழுகை மறந்தால் இரும்பும் மரமும் பிரிக்கவே முடியாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் மூன்று தடவை பூசினான்.

அக்டோபர் முதல் ஞாயிறு சுட்டுப் பார்க்க ஜல்லிக் குழிக்குப் போனோம். நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்து துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் கன்னம் தானாக மரத்தில் படிந்தது. குறிபார்க்கும் ஸ்கோப்பில் வட்டம் முழுசாகத் தெரிந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் ஓரத்தில் கறுப்புப் பிறை விழுந்த வட்டம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மூன்று குண்டுகள். நடந்து போய்க் குறித்தாளைப் பார்த்தோம். லைல் துளைகள் மேல் உள்ளங்கையை வைத்தான். மூன்றும் மறைந்தன.

"ரோ! பாரு இத!" என்று என் தோளைக் குலுக்கினான். நான் சிரிக்கவில்லை.

"கட்டை எனக்கு நீளம்னு உனக்குத் தெரியுமா, லைல்?"

கையைத் தாளிலிருந்து எடுத்தான். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வருஷத்துலேர்ந்து. அப்பாவோடது. வெட்ட மனசு வரல. நீயும் ஒண்ணும் சொல்லல, நீ சமாளிச்சிட்டன்னு நெனச்சேன்." தரையைப் பார்த்தான். "போன வருஷம் சொல்லியிருக்கணும். மானு போனப்புறமாவது."

அவன் மேல் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் முழுவதையும் அவன் மேல் போட முடியவில்லை. அன்று பிறை வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது, மான் பாதி இருட்டில் நின்றது. சுடக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் லைல், ஆர்லனோடு சேர்த்து நாலு ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவளுக்கு வராது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று விசையை இழுத்தேன். அதற்குக் கட்டை பொறுப்பாகாது.

அதை அவனிடம் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன், எல்லாருக்கும் நடக்கிறது என்று சொல்லவில்லை.

"வருவியா?" என்று மட்டும் கேட்டான்.

"வர்றேன். ஆனா வட்டம் முழுசாத் தெரியலன்னா சுடமாட்டேன். எவ்வளவு பெரிய மானு நின்னாலும் சரி. கீழ எறங்கி வந்துடுவேன். யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"ஆர்லன் திறப்பானே."

"அத நீ பாத்துக்க. உன் தம்பிதானே?"

பழைய தாளைப் பிய்த்தெடுத்தான். "சரி. அவன நான் பாத்துக்கிறேன்," என்றான்.

நான் துப்பாக்கியிடம் திரும்பி வந்தேன். பெட்டியில் இன்னும் பதினேழு குண்டுகள் இருந்தன. உட்கார்ந்து சுட்டது போதும் என்று நின்றபடியே துப்பாக்கியை எடுத்தேன். லைல் அங்கே புதுத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் திரும்பி வந்து என் பின்னால் நிற்கும்வரை, வெடிக்க முடியாதபடி துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்தே வைத்திருந்தேன்.