அக்கரையின் பெயர்

ஹாட்ச் குடும்பத்தில் கெட்ட வார்த்தைக்குக்கூட மன்னிப்பு உண்டு. நதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் கிடையாது. 'அக்கரை' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு வீட்டில் கழுவ விழும் பாத்திரம் அத்தனையும் சொன்னவர் தலையில். அப்பா போட்ட சட்டம். வெர்லீன் சின்னவளாக இருந்தபோது, காரில் போகையில் வழிகாட்டிப் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு ஒரு முறை மாட்டிக்கொண்டாள். அன்று மாமா வீட்டுக் குடும்பமும் விருந்துக்கு வந்திருந்தது. அப்புறம் இந்த அறுபத்தொரு வயது வரை அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை.

இது அவர்கள் வீட்டுப் பைத்தியம் மட்டுமல்ல. மெரிக் பல்கலைக்கழகத்தில் படித்த எல்லோருக்கும் இதே பைத்தியம்தான். வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் மெரிக்கும் அக்கரையும் ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால், ஆடும். அந்த ஆட்டத்துக்காக மெரிக் அச்சடிக்கும் நுழைவுச் சீட்டில்கூட 'மெரிக் – அக்கரை' என்றே இருக்கும். அந்த மெரிக்கின் வாத்தியக் குழுவில் நாலு வருஷம் டிரம் அடித்தவள் வெர்லீன்.

இப்போது அவள் பெல்மோர் ஊரில் ஒரு மோட்டல் நடத்துகிறாள். அவளுடைய உயிர் இருப்பது என்னவோ வெண்டைக்காய் பௌலில். சீசன் முடிந்ததும், ஆறு ஆட்டமாவது ஜெயித்த கல்லூரி அணிகளை ஊர்கள் விருந்தாளியாக அழைத்து ஆடவைக்கும் ஆட்டம்தான் பௌல். கடற்கரை உள்ள ஊர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. பெல்மோருக்கு வெண்டைக்காய் இருக்கிறது. ஜெயித்த அணியின் கோச் தலையில் ஒரு தொட்டி நிறைய வறுத்த வெண்டைக்காயைக் கொட்டுவார்கள். நாடே டிவியில் பார்த்துச் சிரிக்கும். அந்த ஒரு வாரம்தான் ஊரில் எல்லா அறையும் நிரம்பும், எல்லாக் கடையிலும் கூட்டம் நிற்கும். பௌல் குழுவுக்கு வெர்லீன்தான் தலைவி. அதற்கு அடையாளமாக வெண்டைக்காய்ப் பச்சையில் ஒரு கோட்டு வைத்திருந்தாள். அவ்வளவு பளீர்ப் பச்சையை வேறு யாரும் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க மாட்டார்கள்.

ஜூலையில் தலையில் இடி விழுந்தது. பௌலுக்கு அணி அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்த கல்லூரிக் கூட்டமைப்பிலிருந்து நாலு பல்கலைக்கழகங்கள், மெரிக் முதல் ஆளாக, பெரிய கூட்டமைப்புக்குத் தாவிவிட்டன. மிச்சம் எட்டு. "அந்த எட்டில் ஒன்று தகுதியோடு உங்கள் ஊருக்கு வந்தால் சரி, இல்லையென்றால் அடுத்த வருஷம் முதல் இந்த ஆட்டத்தைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோய்விடுவோம்" என்று டிவிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்டில், ஒரு ஆட்டம்கூடத் தொடங்காத நேரத்தில், பத்திரிகைக்காரர்கள் வழக்கம்போல எந்த அணி எந்த இடம் என்று கணித்து வெளியிட்டார்கள். நாட்டின் முதல் இருபத்தைந்து அணிகளில் மெரிக்குக்குப் பத்தொன்பதாம் இடம். தாவாமல் மிஞ்சிய எட்டில் அக்கரைக்கு எட்டாம் இடம். வெர்லீனின் அண்ணன் ராய்ஸ் அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து, பால் எடுக்கும்போதெல்லாம் படித்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

நவம்பருக்குள் மெரிக் பதினோராம் இடத்துக்கு ஏறியது. ஆனால் எட்டாம் இடத்து அக்கரை என்ன மாயம் செய்ததோ, ஐந்து ஆட்டம் ஜெயித்திருந்தது. கூட்டமைப்பில் ஆறைத் தொட்ட மற்ற இரண்டு அணிகளையும் பெரிய பௌல்கள் கொத்திக்கொண்டு போய்விட்டன. வெண்டைக்காய் பௌலுக்கு இனி அக்கரை ஒன்றுதான் கதி. அதற்கு ஆறாவது வெற்றி வேண்டும். பாக்கி இருந்ததோ ஒரே ஆட்டம், அதுவும் மெரிக்கின் மைதானத்தில், மெரிக்கோடு. மெரிக்கின் புது அட்டவணையில் அக்கரைக்கு இடமில்லை என்பதால் இரண்டும் மோதும் கடைசி ஆட்டமும் இதுவே என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை நன்றி கூறும் நாள் விருந்தில் ராய்ஸ் வான்கோழியை அறுத்தபடியே ஆரம்பித்தான்.

"ஏய் வெண்டைக்கா, சனிக்கிழமை யாருக்குக் கை தட்டப் போற?"

"நான் மேல பத்திரிகைக்காரங்க அறையில உக்காந்திருப்பேன். அங்க யாரும் யாருக்கும் கை தட்டக் கூடாது. அதான் ரூல்."

"வழவழா கொழகொழான்னு பேசாத. மனசுல யாரு? அதச் சொல்லு."

"மெரிக் ஜெயிச்சா ஊருக்கு பௌல் இல்ல அண்ணே."

"மெரிக் ஜெயிச்சா நமக்குப் புத்தாண்டு அன்னிக்கு பெரிய பௌல்! அப்பா உயிரோட இருந்தவரைக்கும் பாக்காதது. நீ என்னடான்னா போயும் போயும் அக்கரை ஜெயிக்கணும்ங்கற. அப்பா மட்டும் இருந்திருந்தா உன்ன வாசப்படி ஏத்தியிருக்க மாட்டாரு."

"அப்பாதான் மொத வருஷம் பௌலுக்கு வந்து முன் வரிசையில உக்காந்து ரெண்டு தட்டு வெண்டைக்கா தின்னாரு. அத மறந்துட்டியா?"

ராய்ஸ் வான்கோழிக் காலை அவள் தட்டில் வைத்தான். அது எப்போதும் அவனுடைய பங்கு. அண்ணனுடைய ஆசையும் அவளுக்குத் தெரியும். அவன் ஆசை நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மைதானம் மெரிக்கின் சிவப்பில் கொதித்தது. பச்சைக் கோட்டோடு வெர்லீன் மேல் அறைக்குள் நுழைந்ததுமே பத்திரிகைக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பௌல்காரர் கோட்டு ஒரு மைதானத்துக்கு வந்தால் யாருக்காக வந்திருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அறையின் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சிவப்புச் சட்டைகள் அண்ணாந்து பார்த்து, "வெண்டைக்கா! வீட்டுக்குப் போ!" என்று கத்தின. அந்தக் கூட்டத்தில் ராய்ஸின் தொப்பியும் இருந்தது.

பக்கத்தில் குழுவின் செயலாளர் டெல்பர்ட். மருந்துக்கடைக்காரர். எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாத, அந்த ஊரிலேயே நிம்மதியான மனுஷன்.

முதல் பாதியில் மெரிக் புரட்டி எடுத்தது. இருபதுக்கு ஏழு. மெரிக் புள்ளி எடுக்கும்போதெல்லாம் கீழே வாத்தியக் குழு வெற்றித் தாளம் முழக்கியது. அப்போது டெல்பர்ட் வெர்லீனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெர்லீன், உன் விரலப் பாரு."

மேசைமேல் அவள் பத்து விரலும் மெரிக் தாளத்தைப் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தன. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எந்தக் கட்சிம்மா?" என்றார் டெல்பர்ட்.

"எனக்கே தெரியல. சும்மா இருங்க."

இரண்டாம் பாதியில் காற்று மாறியது. நிஜமாகவே நதிப் பக்கமிருந்து அடித்த காற்றில், உயரப் போன பந்து ஒன்று மெரிக்காரன் மார்பில் பட்டுத் தெறித்தது. அக்கரை அள்ளிக்கொண்டது. பதினான்கு. மெரிக் ஒரு உதையில் மூன்று சேர்த்து இருபத்துமூன்று ஆக்கியது. எட்டாம் இடத்துப் பையன்கள் மசியவில்லை. விழுந்தார்கள், எழுந்தார்கள், மண்ணைத் துப்பிவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். இருபத்தொன்று. வெர்லீன் கோட்டுக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி முயற்சி. சில நொடிகள்தான் பாக்கி. அக்கரை பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி, வெற்றி. ஆனால் உதைக்கிற பையன் கொஞ்சம் முன்னால்தான் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டிருந்தான். அவன் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்துச் சிவப்புக் கூட்டம் சிரித்தது.

"முடிஞ்சுது," என்றார் டெல்பர்ட்.

பந்து பின்னால் வந்தது. உதைக்கு நிறுத்திக் கொடுக்க மண்டியிட்டிருந்தவன் பிடித்தான். நொண்டிப் பையன் ஓடிவந்து, காலை ஓங்கி, அப்படியே பொத்தென்று விழுந்தான். "ஐயோ!" என்றது மைதானம். மெரிக்காரர்கள் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. மண்டியிட்டிருந்தவன் துள்ளி எழுந்து பந்தை ஓரத்துக்கு எறிந்தான். அங்கே வரிசையின் கோடியில் நின்ற மலை போன்ற பையன், அந்த சீசன் முழுக்க ஒரு பந்தைக்கூடப் பிடிக்காதவன், இரண்டு கையாலும் அதைப் பிடித்து, மழைக்கு முன்னால் நெல் மூட்டையோடு ஓடுகிறவன்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

"ஓடுடா! ஓடு! நிக்காத, என் ராசா, ஓடு!"

கத்தியது யார் என்று வெர்லீன் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெரிக்காரன் அந்தப் பையனின் இடுப்பிலும், இன்னொருவன் காலிலும் தொங்கினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு நாலடி போய், எல்லைக் கோட்டைத் தாண்டி அவன் மரம்போல் சாய்ந்தான். ஆறு புள்ளி, இருபத்தேழு. ஆறாவது வெற்றி!

காவலாளி வந்து நின்றார். "மேடம், இங்க கத்தக் கூடாது. வெளிய போங்க."

"போறேன் சார், போறேன்! எனக்கு வேலையே கீழதான்!" என்று படியிறங்கி ஓடினாள். முழங்கால் வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

அக்கரைக்காரர்களின் உடைமாற்றும் அறை வியர்வையும் கூச்சலுமாக இருந்தது. பச்சைக் கோட்டைப் பார்த்ததும் கூச்சல் இரட்டிப்பானது. கேமரா தயாராக நின்றது, நேரடி ஒளிபரப்பு. கோச் பெட்டிஸ் கையைத் தூக்கிப் பையன்களை அடக்கினார். வெர்லீன் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வரியை எடுத்தாள்.

"பெல்மோர் வெண்டைக்காய் பௌல் சார்பா, உங்கள எங்க ஊருக்குக் கூப்பிடறதுல எனக்கு ரொம்பப் பெருமை. வாங்க... அக்கரை!"

அறை கப்சிப்பென்று ஆனது. தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மலைப் பையன் வாயைப் பிளந்தான்.

"டேய், ஆன்ட்டி மெரிக்குடா!"

சிரிப்பில் கூரை பறந்தது. கோச் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவரும் இந்த நதிக்கரையில் பிறந்தவர்தான்.

"மேடம், அக்கரைன்னு ஒரு காலேஜே இல்லைங்களே. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தானே நாங்க வர முடியும்?"

"பேரு! பேரு! பேரு!" பையன்கள் இரும்பு அலமாரிகளைத் தட்டத் தொடங்கினார்கள். வெர்லீனுக்கு முகமெல்லாம் சுட்டது. பக்கத்து அலமாரிக் கதவில் அவள் கை தானாகப் போய் விழுந்தது. பையன்களின் தட்டல் தாறுமாறாக இருந்தது. அவள் விரல்கள் அதற்குள் புகுந்து ஒழுங்குபண்ணின. நாலே அடியில் அறை முழுக்க அவள் தாளத்துக்கு வந்துவிட்டது. சரி, ஆனது ஆகட்டும் என்று நிமிர்ந்தாள்.

"டாலிஸ் ஸ்டேட்!" என்றாள். சந்தோஷம் பொங்கி, கேட்காமலேயே மறுபடியும் கத்தினாள். "வாங்கடா, டாலிஸ் ஸ்டேட்!"

மலைப் பையன் அவளைப் பச்சைக் கோட்டோடு அலாக்காகத் தூக்கிவிட்டான்.

இருட்டுமுன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ராய்ஸ் சமையலறையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். தொட்டியில் இரண்டு நாள் விருந்துப் பாத்திரம் மலையாகக் குவிந்திருந்தது.

"கார் ரேடியோல கேட்டேன்," என்றான். "கணீர்னு சொன்ன. ரெண்டு தடவ."

"தோத்ததுக்கு மனசு கஷ்டமா இருக்கா அண்ணே?"

"எரியுது. பேச்ச மாத்தாத. சட்டம் சட்டம்தான்." தொட்டியைக் காட்டினான்.

வெர்லீன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள். அவள் பாதிப் பாத்திரம் கழுவியானதும் அவன் ஆரம்பித்தான்.

"அடுத்த நவம்பர்ல யாரோட ஆடறோம் தெரியுமா? எங்கேயோ மலைக்கு அந்தாண்ட ஒரு காலேஜ். அவன் பேர நான் நூறு தடவ சொல்லலாம். ஒரு நாய்கூட ஏன்னு கேக்காது."

அவன் குரல் கம்மியிருந்தது. வெர்லீன் திரும்பிப் பார்க்காமல் தட்டைத் தேய்த்தாள். பார்த்தால் அவனுக்குப் பிடிக்காது.

"உன் பௌலுக்கு டிக்கெட் இருக்கா?"

அவள் கை நின்றது. "இருக்கு. யாரு ஆடறாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"யாரு?"

"அக்க..."

"அப்படி ஒரு காலேஜே இல்ல."

ராய்ஸ் எழுந்தான். சட்டைக் கையை ஒவ்வொன்றாக முழங்கைவரை மடித்துவிட்டான். துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"டாலிஸ் ஸ்டேட்," என்றான்.

வெர்லீன் வான்கோழி சுட்ட பெரிய பாத்திரத்தை, அடியில் பிடித்திருந்த கருகலோடு, அவன் கையில் கொடுத்தாள்.