அனுப்பினது திரும்பி வருதுங்க

எங்கள் முதலாளி சென்னியப்பனுக்குக் கோபம் வந்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டை முழுக்கக் கேட்கும். லாரி ஓட்டிப் பழகிய தொண்டை. பார்சல் ஆபீஸ் வைத்து இத்தனை வருஷமாகியும் ஏர்ஹாரனோடு போட்டி போடுவார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த காலையில் அந்தக் கோபம் வசந்தாமணியின் தலையில் இறங்கியது.

"இந்தப் புள்ள குடோன்ல என்னத்தையோ தட்டிக் கெடுத்துப் போட்டா! சாயங்காலம் லோடு கெளம்பறதுக்குள்ள சரியாகலீன்னா டப்பாவத் தூக்கிப் பரண்ல போடறேன். அம்மணி, நீயும் ஊட்டுக்குப் போயிரு!"

டப்பா என்றது கம்ப்யூட்டரை. முன்னால் ஆபீஸில் ஒன்று, பின்னால் குடோனில் ஒன்று. எண்பத்தொன்பதில் எங்கள் தெருவுக்கே அது அதிசயம். குடோனில் வசந்தாமணி மூட்டை எடையை அடித்தால் ஆபீஸில் நான் பில் போடுவேன். இரண்டையும் இணைக்கும் கறுப்பு ஒயருக்கு ஈதர்நெட் என்று பெயர். அன்று ஓர் எடையும் வந்து சேரவில்லை. கோயம்புத்தூர் இன்ஜினீயருக்கு டிரங்க்கால் போட்டால், தீபாவளி கழித்துத்தான் வருவேன் என்றார்.

வசந்தாமணி ஆட்டையாம்பட்டிக்காரி. வேலை போனால் வீட்டுத் தறியில் உட்கார வேண்டியதுதான். சேலத்து வேலையே வேண்டாம் என்று அவள் அப்பா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அவள் முகம் சிவந்து போயிற்று. எனக்கே பொறுக்கவில்லை. ஆனால் முதலாளியிடம் வாயைத் திறக்கும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவள் இழுப்பறையிலிருந்து சின்ன உலோக மூடி ஒன்றை எடுத்தாள்.

"என்ன செய்யப் போற?" என்றேன்.

"லூப்பேக் பாக்கறேனுங்க, கைலாசண்ணா. இன்ஜினீயர் வந்தப்பவே கேட்டு வெச்சுக்கிட்டேன்."

குடோன் கம்ப்யூட்டரின் முதுகில் இருபக்கமும் வாய் வைத்த ஓர் இணைப்பு உண்டு. ஒரு வாயில் ஒயர், மறு வாயில் இதே மாதிரி ஒரு மூடி; இரு முனையிலும் மூடி சரியாக இல்லாவிட்டால் ஒயரில் ஒன்றும் போய்ச் சேராது. அவள் ஒயரைக் கழற்றிவிட்டு அங்கேயும் கையிலிருந்த மூடியைப் போட்டாள். இப்போது மெஷின் அனுப்புவதை அதுவேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால் மெஷினில் குற்றமில்லை.

திரையில் எழுத்து ஓடியது.

"அனுப்பினது திரும்பி வருதுங்க மொதலாளி. என்ற மெஷின் நல்லாத்தானுங்க இருக்குது."

"தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கிட்டா அது டெஸ்ட்டா? அது எங்கூட்டுல தெனமும் நடக்குது!" என்றார் முதலாளி. மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த இரண்டு மூடிகளையும் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஆபீஸுக்கு நடந்தாள். முதலாளி பின்னாலேயே போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம்.

ஆபீஸ் மெஷினிலும் ஒயரையும் மூடியையும் கழற்றிவிட்டுத் தன் மூடிகளைப் போட்டாள். அதுவும் அனுப்பினதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

"ரெண்டு மெஷினும் நல்லாருக்குதுங்க. அப்பறம் ஒயரு, இல்லீன்னா இங்கிருந்து கழட்டின இந்த மூடி." சொல்லிக்கொண்டே மூடியை வெளிச்சத்தில் திருப்பினாள். பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

உள்ளே காய்ந்த சந்தனம். அதன்மேல் ஒரு துளி குங்குமம்.

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை முதலாளி யாரிடமும் கொடுக்க மாட்டார். ஸ்பேனர் முதல் ஸ்டேப்ளர் வரை கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, துடைத்து, அவரே பொட்டு வைப்பார்.

"சாமிக்குத்தானே வெச்சேன்" என்றார். தொண்டையில் ஹாரனைக் காணோம்.

"வெளிய வெச்சாலே சாமி ஏத்துக்குமுங்க. உள்ள வெச்சா கரண்ட்டு ஏத்துக்காதுங்க."

குண்டூசியில் துணி சுற்றி, துளி பெட்ரோல் தொட்டு மூடியைச் சுத்தம் செய்தாள். எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுக் குடோனுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் என் திரையில் ஜவ்வரிசி மூட்டையின் எடை வந்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன்.

வசந்தாமணி திரும்பி வந்தபோது முதலாளி மெதுவாகச் சொன்னார்: "போச்சாது போ சாமி, மனசுல வெச்சுக்காத. காத்தால ஏதோ பேசிப்போட்டேன். நாளைக்கு எப்பவும்போல வந்துரு."

அவள் நகரவில்லை.

"காத்தால எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி பேசுனீங்க. இத மட்டும் ஏனுங்க இத்தன மெதுவாச் சொல்றீங்க?"

போச்சு, கிடைத்த வேலையையும் கெடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். முதலாளி அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு தெரு வாசலுக்குப் போய் நின்றார். நெருப்புப் பட்ட மாதிரி முகம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இந்தப் புள்ள மேல தப்பில்ல! கெடுத்தது நான்தான்!"

எதிர் மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். வசந்தாமணி அப்போதுதான் அழுதாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையை நிறுக்கக் குடோனுக்குப் போனாள்.