பிளிமத்தில் திரும்பிய கார்

எங்கள் பென்ஹேல் குடும்பத்தில் எவரும் எந்த எல்லையிலும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. 2024 மே மாதம் பதினான்காம் தேதி காலை வரை இதை யார் முன்னாலும் சொல்லியிருப்பேன்.

அன்று நானும் என் மனைவி ஹெஸ்டரும் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் காரோடு வரிசையில் நின்றோம். கடல் தாண்டி பிரான்சின் ரோஸ்காஃபில் இறங்கி, கரையோரமாகப் பத்து நாள் சுற்றுவதாகத் திட்டம். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு அவள் கேட்டது அது ஒன்றுதான். கப்பல் சீட்டு, கார் காப்பீடு, மருத்துவ அட்டைகள் எல்லாம் உறையில் வரிசையாக இருந்தன. அடுக்கியவன் நான்.

சோதனைச் சாவடியில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டினாள்.

"சார், இதுல உங்கள ஏத்த முடியாதுங்க."

"நவம்பர் வரைக்கும் இருக்கும்மா. நல்லாப் பாரு."

"முடியற தேதி சரிதான். குடுத்த தேதியப் பாருங்க. 2014 மார்ச். அங்க நுழையற அன்னிக்கு பத்து வருஷத்துக்குள்ள குடுத்ததா இருக்கணும்."

எதையும் முன்கூட்டியே செய்பவன் நான். பழைய பாஸ்போர்ட் முடிய எட்டு மாதம் இருக்கும்போதே புதியது வாங்கிவிட்டேன். மிச்சமிருந்த எட்டு மாதத்தைப் புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த எட்டு மாதத்தை நம் பிரிட்டன் மதிக்கிறது, பிரான்ஸ் மதிப்பதில்லை. கடைசி வாரம் வரை இழுத்தடித்துப் புதுப்பித்த ஹெஸ்டருக்கு ஒரு தடையும் இல்லை.

காரை ஓரம் கட்டினேன்.

"நீ போயிட்டு வா. நான் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போறேன்."

"கல்யாண நாளுக்கு நான் ஒத்தையில உக்காந்து சிப்பி திங்கணுமா? நல்லா இருக்கு." கொண்டுவந்திருந்த பேஸ்டியை, இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தை, பிட்டுப் பாதியை என் கையில் வைத்தாள். "உன்னைய உள்ள விடற வெளிநாடு ஒண்ணு இருக்கு, ஆம்ப்ரோஸ். எதுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அயர்லாந்து. பிரிட்டிஷ்காரர்களுக்கு அங்கே இந்த விதி கிடையாது. வேல்ஸில் ஃபிஷ்கார்ட் வரை காரில் போனால், அங்கிருந்து ராஸ்லேருக்குக் கப்பல். ராஸ்லேரிலிருந்து அரை மணியில் என் தம்பி ஜேகோவின் வீடு. சிக்கலே அதுதான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அப்பாவின் அடக்கத்துக்கு ஜேகோ வந்து சேர்ந்தபோது குழியை மூடி முடித்திருந்தார்கள். நேரத்தைத் தப்பாகப் பார்த்துக் கப்பலைத் தவறவிட்டிருந்தான். சர்ச் வாசலில், ஊரே பார்க்க, "கப்பல் நேரம் பாக்கத் தெரியாதவன் பென்ஹேலே இல்ல" என்றேன். அதன்பின் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸ் அட்டைகளை மட்டும் ஹெஸ்டர் என் பெயரையும் சேர்த்து அனுப்புவாள், எனக்குத் தெரியாது என்ற நினைப்பில்.

"அவன் சிரிப்பான்" என்றேன்.

"சிரிக்கட்டுமே. சிரிக்கற மாதிரிதான பண்ணியிருக்க." எண்ணை அழுத்தி போனை நீட்டினாள்.

காரை விட்டு இறங்கி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"ஜேகோ. ஆம்ப்ரோஸ் பேசறேன். என்னைக் கப்பல்ல ஏத்தல. தேதியப் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."



"நாளைக்கு மத்தியானக் கப்பல்ல வாங்கண்ணே" என்றான். "நேரத்த மட்டும் என்னைக் கேக்காதீங்க. நீங்களே பாத்துக்குங்க."

மறுநாள் ராஸ்லேர் துறையில் நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையை நீட்டினான், குலுக்குவதற்கு அல்ல.

"எங்க, காட்டுங்க."

பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். தேதியை விரலால் தடவிப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சர்ச் வாசல்ல சொன்னத திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன்.

"எழுத்துல குடுங்கண்ணே. தேதி போட்டு."

ரோஸ்காஃப் சீட்டின் பின்பக்கம், கார் முகப்பில் வைத்தே எழுதிக் கையெழுத்திட்டேன். அவன் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"முடியற தேதி போடலியே?"

"போடமாட்டேன்" என்றேன்.

ஹெஸ்டரின் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு நடந்தான்.